அப்பா பணம்

மே 8, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட். காலை ஒன்பது மணிக்கே இ-சேவை மையத்து வாசலில் பிள்ளைகள் கூட்டம். ஒவ்வொருவர் நம்பராகப் போட்டு மார்க்கைப் படித்துச் சொன்னேன். என் மகள் நம்பரை எல்லாருக்கும் கடைசியில்தான் போட்டேன். சுபிதா 600க்கு 541. இன்னொரு தரம் போட்டுப் பார்த்தேன், அதேதான். பிரிண்ட் எடுத்தேன். அந்தக் காகிதத்துக்கு உரிய காசை நானே கல்லாவில் போட்டேன்.

சாயங்காலம் அவர் பேசினார். போனிலேயே சுபிதா மார்க்கைச் சொன்னேன். சந்தோஷம் என்றார். சாப்பிட்டாச்சா என்றார். சாப்பிட்டாச்சு என்றேன்.

மே 10, சனி

இந்த டைரி உரக்கடைக்காரர் ஓசியில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பூச்சி மருந்து விளம்பரம். டி.வி. மேல்தான் வைத்திருக்கிறேன். ஒளித்து வைக்கும்படி இதில் ஒன்றும் இல்லை.

இன்று முழுக்கப் பணம் கேட்டு வந்தவர்கள்தான். மையத்தில் சேர்ந்த புதிதில் பயிற்சிக்கு வந்த சார் சொன்னார், "பணம்னு சொல்லாதீங்க, உதவித்தொகைன்னு சொல்லுங்க, அதுதான் மரியாதை." சொல்லிப் பார்த்தேன். கோயில்பிள்ளை தாத்தா, "தொகையா, அது நமக்கு இல்ல தாயி" என்று எழுந்து போகப் பார்த்தார். அவருக்கு மூன்று மகன்கள். மூன்று பேரும் சென்னையில் நன்றாக இருக்கிறார்கள், தாத்தாவுக்கு ஒன்றும் அனுப்புவதில்லை. அதனால் முதியோர் பணத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'மூத்தவன் பணம்'. "மூத்தவன் பணம் வந்துட்டா தாயி? மாசம் தவறாம அனுப்புதது அவன் ஒருத்தன்தான்" என்பார்.

பக்கத்து வீட்டுப் புஷ்பம் மதினி வாங்குவது விதவை உதவித்தொகை. அவள் வாயில் அது 'எங்க வீட்டுக்காரரு பென்சன்'. அவள் வீட்டுக்காரர் கொத்தனார். கொத்தனாருக்கு ஏது பென்சன் என்று தெருவில் யாரும் கேட்பதில்லை. வெள்ளம் வந்தபோது கொடுத்த நிவாரணம் இன்றைக்கும் 'வெள்ளப் பணம்'தான். 'மானியம்' என்ற சொல் மட்டும் கேஸ் சிலிண்டர் புண்ணியத்தில் அப்படியே தெருவுக்கு வந்துவிட்டது.

எங்கள் வீட்டிலும் ஒரு பெயர் உண்டு. சுபிதாவின் அப்பா புனேவில் மிட்டாய்க் கம்பெனியில் வேலை. போய் எட்டு வருஷம் ஆகிறது. மாதம் ஐந்தாம் தேதி வாக்கில், "அப்பா பணம் வந்துட்டு" என்று சுபிதாவிடம் சொல்வேன். அன்று கருப்பட்டி மிட்டாய் அரைக் கிலோ வாங்குவேன்.

அவர் பேசினார். சாப்பிட்டாச்சா என்றார்.

மே 13, செவ்வாய்

மைய வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. ஒன்று, முதியோர். இரண்டு, ஆதரவற்ற விதவை. மூன்று, கணவனால் கைவிடப்பட்டோர். நான்கு, மாற்றுத்திறனாளி. மற்ற மூன்றையும் ஜனங்கள் ஏதாவது ஒரு பெயர் சொல்லிக் கேட்டுவிடுவார்கள். மூன்றாவதற்குப் பெயரே கிடையாது.

இன்று ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்து, கூட்டம் கலையும்வரை சுவரோரம் நின்றாள். நான் டிபன் பாக்ஸைத் திறந்த பிறகுதான் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, அந்த மூணாவது."

எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள். நான் இங்கே உட்கார்ந்து ஏழு வருஷம், ஒருத்திகூட அதை முழுசாகச் சொன்னதில்லை.

"எத்தன வருசமாச்சு?" என்றேன்.

"அஞ்சு முடிஞ்சிட்டு."

ஐந்து வருஷம் ஆகியிருந்தால் போதும், விதி அப்படித்தான். பதிந்து ரசீது கொடுத்தேன். தயிர்சாதம் புளித்திருந்தது.

மே 17, சனி

புதன்கிழமை அடித்த சூறைக்காற்றில் செல்போன் டவர் சாய்ந்துவிட்டது. மூன்று நாளாக ஊரில் எந்தப் போனும் வேலை செய்யவில்லை. மையத்தைத் திறக்கவே இல்லை. அரிசியில் வண்டு எடுத்தேன். சுபிதாவின் பழைய யூனிபார்மைக் கிழித்துக் கரித்துணி ஆக்கினேன்.

சாயங்காலம் அவர் பேசினார். சாப்பிட்டாச்சா என்றார். சாப்பிட்டாச்சு என்றேன்.

மே 18, ஞாயிறு

இன்று மதியம்தான் டவர் சரியானது.

மே 26, திங்கள்

சுபிதாவுக்கு டவுனில் மகளிர் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பி.எஸ்சி. கணக்கு. தினம் போய்வர முடியாத தூரம், விடுதியில்தான் இருக்க வேண்டும். விடுதிப் படிவத்தில் தகப்பனார் கையெழுத்தும் அவருடைய வருமானச் சான்றும் கேட்கிறார்கள். இல்லையென்றால் தாய்க்குப் பலகையில் உள்ள இரண்டாவதோ மூன்றாவதோ கிடைத்திருப்பதற்கான ஆணையின் நகல் வேண்டும். அந்த நகல் இருந்தால் விடுதிக்குக் கட்டணமும் இல்லை. கடைசி நாள் ஜூலை 14.

சுபிதா படிவத்தை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்து வைத்தாள். "அப்பாட்ட கேப்பமா?" என்றாள். கேட்கிறேன் என்றேன்.

மே 27, செவ்வாய்

இட்லிக்கு ஊறப்போட்டேன்.

ஜூன் 2, திங்கள்

மையத்துக்கு லீவு. டவுனில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனேன். அங்கே இருக்கும் இ-சேவை மையத்தில் நம்முடையதைவிட நல்ல நாற்காலி. உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் குரல் கொஞ்சம் சத்தம். வேலையைச் சுத்தமாகச் செய்கிறாள், தப்புச் சொல்ல முடியாது.

கல்யாணச் சாப்பாடு எப்படி என்று சுபிதா கேட்டாள். பாயசம் பரவாயில்லை என்றேன்.

அவர் பேசினார்.

ஜூன் 11, புதன்

சாயங்காலம் தெருவுக்குள் நுழையும்போதே புஷ்பம் மதினி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வெற்றி பெற்ற முகம்.

"ஏட்டி ஆவுட, எந்தப் பாவியோ ஒன் மேல மொட்ட மனு போட்டிருக்கா. தலையாரி உலகநாதன் வந்து, 'ஆவுடைத்தாய் புருசன் விட்டுட்டுப் போயிட்டானாமே, நெசமா'ன்னு நடுத்தெருவுல நின்னு கேக்கான். நாங்க விடுவமா?"

"என்ன சொன்னீய மதினி?"

"போன பொங்கலுக்குக்கூட வந்தாவ, எனக்கு ஒரு சீல எடுத்துத் தந்தாவன்னு சொன்னேன். பச்சச் சீல, செவப்புக் கரைன்னு வெவரமாச் சொன்னேன். எழுதிக்கிட்டே போறான்."

கோயில்பிள்ளை தாத்தா அதற்கும் மேலே போயிருக்கிறார். ஆவுடை புருஷன் புனேவிலிருந்து தனக்கு வாங்கி வந்தது என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தலையாரி கையிலேயே கொடுத்துவிட்டாராம். அது பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் இலவசமாகக் கொடுத்தது. ரசீது போட்டதே நான்தான்.

"நல்ல காரியம் மதினி" என்றேன். 

வீட்டில் டைரி டி.வி. மேல் இல்லை, சுபிதா பையருகே கிடந்தது.

ஜூன் 12, வியாழன்

தண்ணீர் வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

மதியம் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். நடுவில் ஒரு நம்பரைப் போட்டுப் பார்த்தேன். டவுனில் என் மனுவுக்குக் கொடுத்த நம்பர். திரையில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"விசாரணையில், மனுதாரரின் கணவர் பண்டிகைக் காலங்களில் வந்து செல்வதாக அக்கம்பக்கத்தார் தெரிவிப்பதாலும், மனுதாரரின் மகள் காண்பித்த நாட்குறிப்பின்படி நாள்தோறும் மனைவியுடன் தொலைபேசியில் பேசி வருவது தெரியவருவதாலும், மனு நிராகரிக்கப்படுகிறது."

பத்து தரம் படித்திருப்பேன். முன்னால் நின்றவர், "நெட்டு போயிட்டாம்மா?" என்று கேட்டார். இல்லை, வந்துவிட்டது என்று சொல்லி அவருடைய ஆதார் நம்பரைக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து சுபிதாவிடம் கேட்டேன்.

"நீயாட்டி டைரியக் காட்டுன?"

"ஆமா."

"எதுக்கு?"

"ஒன்னய அசிங்கப்படுத்த யாரோ எழுதிப் போட்டிருக்கான்னு நெனச்சேன். போட்டதே நீதான்னு எனக்கு யாரு சொன்னா?"

"அதுல இருக்கதெல்லாம் நெசம்னு நெனச்சியா?"

அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"டவர் விழுந்து கெடந்த அன்னைக்கும் பேசியிருக்காவள்லா யம்மா" என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

இந்த டைரியைச் சுபிதா படிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் படிக்கத்தான் டி.வி. மேல் வைத்தேன். இதற்கு முந்தைய ஏழு டைரிகளையும் அதற்காகத்தான் எழுதினேன். இன்றும் அவள் படிக்கத்தான் எழுதுகிறேன்.

அவர் பேசவில்லை. மே மாதமும் பேசவில்லை, போன வருஷமும் பேசவில்லை. புனே போய் நான்கு மாதம் பணம் அனுப்பினார். ஐந்தாவது மாதம் போன் நம்பர் மாறிவிட்டது. மறு வருஷம், அதே கம்பெனியில் வேலை பார்த்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நம் வீடு தேடி வந்தார். அங்கே உன் அப்பாவுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, கைக்குழந்தையும் இருக்கிறது, தேடி அலையாதீர்கள் என்று சொன்னார். சொல்லும்போது வந்தவருக்குத்தான் கண் கலங்கியது. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். சர்க்கரை போதுமா என்றும் கேட்டேன். அன்றிலிருந்து எனக்கு எதுவும் சரியாக உறைப்பதில்லை. நல்லதும் உறைப்பதில்லை. உன் 541கூட மறுநாள்தான் உறைத்தது.

அந்த வாரம் உனக்குக் காய்ச்சல். "அப்பா பேசுனாவளா?" என்று கேட்டாய். பேசினார், நீ சாப்பிட்டாயா என்று கேட்டார் என்றேன். நீ எழுந்து கஞ்சி குடித்தாய். அடுத்த நாளும் அப்படியே சொன்னேன். அப்புறம் கொல்லைப்புறத்தில் நின்று போனைக் காதில் வைத்து நானே பேசப் பழகிக்கொண்டேன். உனக்குப் பத்து வயது. எப்போது நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா பணம் என்று நான் சொன்னது மையத்தில் எனக்குக் கிடைக்கும் கமிஷன் காசு.

ஒன்று சொல்ல வேண்டும். மூணாவது என்று வந்து நின்ற பெண்களுக்கெல்லாம் பதிந்து கொடுத்தேன். மனதுக்குள் ஒவ்வொருத்தியையும், நான் இவளைப்போல் இல்லை என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

முன்னால் எழுதிய எதையும் அடிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

முதலில் புஷ்பம் மதினி வீட்டுக்குப் போனேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன். அவர் விட்டுப் போய் எட்டு வருஷம் ஆகிறது, மனு போட்டது நான்தான் என்று சொன்னேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதால் தடங்கல் இல்லாமல் வந்தது.

அவள் கையில் மாவோடு என்னைப் பார்த்தாள்.

"போனது தெரியும்ட்டி. மனுவத்தான் நீ போட்டிருப்பேன்னு நெனைக்கல."

"எப்பத் தெரியும்?"

"மொத வருசமே. நீ கொல்லையில நின்னு போன்ல பேசுதது எங்க செவரு தாண்டிக் கேக்கும். அந்தப் பக்கத்துல இருந்து ஒரு சத்தமும் வராது. பிள்ளைக்காகப் பேசுதான்னு நானும் கேட்டுக்கிடல."

அவள்தான் அழுதாள். எனக்கு வரவில்லை. மறுபடி விசாரணைக்கு வரும்போது உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றேன். அவளுக்கு அதுதான் பெரிய கவலையாகிவிட்டது.

"நான் பச்சச் சீலைன்னு கரையோட சொல்லித் தொலச்சிட்டேனே. இனி எப்பிடி மாத்த?"

கோயில்பிள்ளை தாத்தா வீட்டில் வேலை சுலபம். நான் வாயைத் திறக்குமுன்பே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது முகாம்ல குடுத்ததுன்னு சொல்லிருதேன் தாயி" என்றார்.

ஜூன் 23, திங்கள்

இந்தத் தடவை டவுனுக்குப் போகவில்லை. என்னுடைய மையத்தில், என்னுடைய கம்ப்யூட்டரில், வரிசையில் ஆள் நிற்கும்போதே மறுபடி விண்ணப்பித்தேன். மூன்றாவதை அழுத்தினேன்.  

ஜூலை 1, செவ்வாய்

கிராம நிர்வாக அலுவலகத்தில் விசாரணை. வி.ஏ.ஓ. மேடம் சின்ன வயது, கறார். எங்கள் தெருவே வந்து நின்றதில் அவருக்கு எரிச்சல்.

"பொங்கலுக்கு வந்தார்னு போன மாசம் எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப எட்டு வருஷமா வரலைங்கிறீங்க. எதும்மா பொய்?"

புஷ்பம் மதினி முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் போனாள்.

"அது இவ மானத்துக்குச் சொன்னது மேடம். இது பிள்ள படிப்புக்குச் சொல்லுதது. சீலையே கெடையாது, எம் பொட்டியத் தொறந்து வேணும்னாலும் பாருங்க."

மேடம் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. பேனாவை எடுத்து, "எந்தத் தேதியில போனார்?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தேதி வரவில்லை. ஆயிரம் பேருடைய பிறந்த தேதியும் இறந்த தேதியும் தட்டச்சு செய்த கை இது. மழை பெய்ததா, வெயிலா, அவர் என்ன சட்டை போட்டிருந்தார், ஒன்றும் வரவில்லை. தெரியாது என்றால் மறுபடி நிராகரித்துவிடுவார்கள், சுபிதாவுக்கு விடுதி இல்லை. 

பின்னாலிருந்து கோயில்பிள்ளை தாத்தா சொன்னார்.

"ஆகஸ்ட் பதினாறு. சுதந்திர தினத்துக்கு மறுநா. பள்ளிக்கூடத்துல கொடியேத்திக் குடுத்த மிட்டாய இந்தப் பிள்ள திங்காம வச்சிருந்து, பஸ் ஸ்டாப்புல ஓடியாந்து அப்பன் கையில குடுத்தா. அவன் வாங்கிச் சட்டப் பையில போட்டுக்கிட்டான். நான் அங்கனதான் நின்னேன். ரெண்டாயிரத்துப் பதினேழு."

எனக்கு அது தெரியாது. சுபிதாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாதாமாதம் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்து, அப்பா பணத்தில் வாங்கியது என்று அவள் கையில் கொடுத்திருக்கிறேன். அவளும் ஒவ்வொரு மாதமும் வாங்கித் தின்றிருக்கிறாள்.  எட்டு வருஷம் கழித்து முதல் தடவையாக அவர் மேல் கோபம் வந்தது. நின்ற இடத்திலேயே அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

"எழுதுங்க மேடம்" என்றேன். "ஆகஸ்ட் 16, 2017. அன்னைக்கு என்னையும் எம் மகளையும் கைவிட்டுட்டுப் போனாரு."

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தாத்தா கைநாட்டு.

ஜூலை 9, புதன்

ஆணை வந்துவிட்டது. நானே பிரிண்ட் எடுத்தேன். இரண்டு நகல்.

ஜூலை 14, திங்கள்

சுபிதாவை விடுதியில் சேர்த்தேன். பக்கெட், பாய், பூட்டு. படிவத்தில் தகப்பனார் கையெழுத்து என்ற இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஆணை நகலைப் பின் குத்தி இணைத்தாள். கோடு நேராக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஆகஸ்ட் 16, சனி

யாரும் பேசவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

சுவரோரம் ஒரு பெண் நின்றாள். கூட்டம் இருக்கும்போதே பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மூணாவது என்றாள். "நானும் அதுதான், ஆதாரக் குடு" என்றேன்.

அக்டோபர் 3, வெள்ளி

ஆயுத பூஜை லீவுக்குச் சுபிதா வந்திருக்கிறாள். விடுதிச் சாப்பாட்டில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது.

காலையில் அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் போனில் குறுஞ்செய்தி. உதவித்தொகை முதல் தவணை வங்கிக் கணக்கில் வரவு. கையில் எண்ணெய் என்பதால் அவளைத்தான் படிக்கச் சொன்னேன். படித்தாள். போனைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடியும் படித்தாள்.

"யம்மா" என்றாள். "எட்டு வருசத்துல இப்பத்தான் நெசமாவே அப்பா பணம் வந்திருக்கு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்து அது வேறு எரிந்தது. புஷ்பம் மதினி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னட்டி அங்க?" என்று சத்தம் கொடுத்தாள்.

கைவிடப்பட்டோர் உதவித்தொகை வந்துட்டு மதினி என்று முழுப்பெயரும் சொல்லிக் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

கருப்பட்டி மிட்டாய் அரைக் கிலோ வாங்கி வந்தேன். சுபிதா ஒன்றை எடுத்துக் காகிதத்தில் மடித்தாள். யாருக்கு என்று கேட்டேன்.

"ஒனக்குத்தான். நீ எப்பவும் திங்க மாட்டியே" என்று என் கையில் வைத்தாள்.

தின்றேன். நல்ல தித்திப்பு.